குவாமிலிருந்து ஒயிட் எர்த் வரை: பத்து நாள் குறிப்புகள்

நாள் 1 – குவாம்

சிகாகோவில் நான் வேலை செய்யும் கணக்குப் பிரிவில் என் இடப்பக்க மேசை, குவாம் தீவின் பூர்வகுடியான ஒரு சமோரோ பெண்ணுடையது. வலப்பக்கம் மின்னசோட்டா மாநிலத்துப் பூர்வகுடியான சிப்பேவா இனத்தவர் ஒருவர். இரண்டு பேரும் அமெரிக்கக் குடிமக்கள். இரண்டு பேருடைய முன்னோரும் அமெரிக்கா என்ற நாடு உருவாவதற்கு வெகுகாலம் முன்பே தங்கள் மண்ணில் வாழ்ந்தவர்கள். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது மருத்துவச் செலவு பற்றிப் பேச்சு வந்தது. அவள் சொன்னதற்கும் அவர் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரே அரசாங்கம், ஒரே மாதிரி இழப்பு, ஆனால் நடத்தும் விதம் முற்றிலும் வேறு. அவளுடைய குவாமையும் அவருடைய ஒயிட் எர்த்தையும் நேரில் பார்க்க வேண்டும் என்று அன்றே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். விடுப்பு கிடைக்க ஒரு வருடம் ஆனது.

இன்று இரவு, மேற்குப் பசிபிக்கில் அமெரிக்க ஆட்சிப்பகுதியாக இருக்கும் குவாமில் இறங்கினேன். தோழியின் அம்மா விமான நிலையத்துக்கே வந்துவிட்டார். ஊரில் எல்லாரும் அவரை ஆன்ட்டி என்கிறார்கள், நானும் அப்படியே. பெரியவர்களின் கையைப் பிடித்து, குனிந்து, புறங்கையில் மூக்கை வைத்து "ஞோரா" என்று சொல்ல வேண்டும் என்று தோழி பழக்கி அனுப்பியிருந்தாள். செய்தேன். ஆன்ட்டியின் கண் கலங்கிவிட்டது. தன் பேரப்பிள்ளைகள் கலிபோர்னியாவில் வளர்கிறார்கள், வீடியோவில் கையை எப்படி முகர்வது என்றார்.

குவாம் தீவிலிருக்கும் சமோரோக்களைவிட அமெரிக்கப் பெருநிலத்தில் இருக்கும் சமோரோக்கள் அதிகம். 541 சதுர கிலோமீட்டர் தீவு, ஒன்றரை லட்சம் மக்கள். அதில் சமோரோக்கள் மூன்றில் ஒரு பங்குதான்.

நாள் 2 – சாண்டா ரீட்டா

ஆன்ட்டியின் வீடு மலைச்சரிவில். வாசலில் நின்றால் கீழே அப்ரா துறைமுகம் தெரிகிறது. அங்கே சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள், அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைத் திட்டு. "அதுதான் சூமாய்" என்றார்.

சூமாய் ஒரு காலத்தில் தீவின் இரண்டாவது பெரிய ஊர். 1903-ல் கடலடித் தந்திக் கம்பி வந்த இடம். 1935-லிருந்து பசிபிக்கைக் கடக்கும் பான் அமெரிக்கன் பறக்கும் படகுகள் தங்கிப் போன இடம். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் குண்டு போட்டபோது ஊர் சிதறியது. 1944 ஜூலையில் அமெரிக்கப் படை திரும்பி வந்ததும் மக்கள் ஊருக்குப் போகலாம் என்று நினைத்தார்கள். ஆனால் கடற்படைக்குத் துறைமுகம் தேவைப்பட்டது. சூமாய்க்காரர்களை இந்த மலைச்சரிவில் குடியேற்றினார்கள். கடற்கரை மீனவர்களுக்கு மலை கிடைத்தது. கல்லறைத் தோட்டம் மட்டும் தளத்தின் வேலிக்குள் அப்படியே இருக்கிறது. நவம்பரில் கல்லறைத் திருநாளில் வாசலைத் திறந்து விடுகிறார்கள். ஆன்ட்டி தன் பாட்டிக்குப் பூ வைக்க அடையாள அட்டை காட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறார்.

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் இருந்தது. வீட்டுச் சுவரில் சீருடை அணிந்த படங்கள் ஐந்து. கணவர், அண்ணன், இரண்டு மகன்கள், ஒரு பேத்தி. குவாமில் பட்டாளத்துக்கு ஆள் போகாத குடும்பத்தைத் தேட வேண்டும். இத்தனை பேரை அனுப்பும் தீவுக்கு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஓட்டு இல்லை. பிரதிநிதிகள் சபையில் ஓர் உறுப்பினர் உண்டு, ஆனால் சட்டம் நிறைவேறும் வாக்கெடுப்பில் அவரும் கையைத் தூக்க முடியாது.

இரவுச் சாப்பாடு: அச்சோத்தே விதை ஊறிய சிவப்புச் சோறு, தேங்காயும் எலுமிச்சையும் மிளகாயும் பிசறிய கோழி கெலாகுவன், தொட்டுக்கொள்ள வெங்காயமும் மிளகாயும் மிதக்கும் ஃபினாடெனி. ஓரத்தில் வறுத்த ஸ்பாம். டின் இறைச்சி இல்லாத வீடே இங்கே இல்லை. தோட்டமும் வயலும் இருந்த நிலம் தளமானதும், டின்னில் அடைத்த சாப்பாடு கப்பலில் வந்திறங்கியது. சர்க்கரை நோயும் பெருகியது. ஆன்ட்டியும் சாப்பிடுமுன் விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டார்.

நாள் 3 – வடக்கு

ஆன்ட்டியின் தம்பி மகன் காரில் கூட்டிப் போனான். வழி நெடுக வேலி. தீவின் நிலத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் ராணுவத்திடம் இருக்கிறது. வடகிழக்கில் ஆண்டர்சன் விமானப்படைத் தளம், தெடேடோவில் 2020-ல் தொடங்கிய மரைன் படை முகாம் பிளாஸ். வடமுனையில் லிடெக்யான் என்ற அழகான கடற்கரை. பழைய சமோரோ ஊர் இருந்த இடம், லாத்தே எனப்படும் கல்தூண்கள் இன்னும் புதரில் நிற்கின்றன. அதற்கு மேலே பாறைவிளிம்பில் துப்பாக்கிப் பயிற்சி மைதானம்.

ராணுவத்தால் வேலை கிடைக்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ராணுவத்தினருக்கு வீட்டு வாடகைப் படி தனியாக உண்டு. வீட்டுக்காரர்கள் அந்தப் படியைப் பார்த்து வாடகையை நிர்ணயிக்கிறார்கள். டூமோன் கடற்கரை ஹோட்டலில் மணிக்கு 9.25 டாலர் குறைந்தபட்சக் கூலியில் வேலை செய்யும் பையன் எப்படி வீடு பிடிப்பான்? இவனுக்கு 26 வயது, இன்னும் அப்பா வீட்டில்தான். 2023 மே மாதப் புயல் மாவார் கூரையைக் கொண்டுபோனது, அதைச் சரிசெய்யவே சேமிப்பு தீர்ந்தது என்றான்.

அவன் நம்பியிருப்பது சமோரோ நில அறக்கட்டளையை. 1975-ல் தீவின் சட்டமன்றம் கொண்டுவந்தது. வருடத்துக்கு 1 டாலர் குத்தகையில், 99 வருடத்துக்கு, வீடு கட்ட நிலம். 'பூர்வீகச் சமோரோ'வுக்கு மட்டும் என்றிருந்தது. 2017-ல் மத்திய அரசின் நீதித்துறை இது இனப் பாகுபாடு என்று வழக்குப் போட்டது. 2020-ல் சமரசம் ஆனது: இனத்தைச் சொல்லக் கூடாது, நிலத்தை இழந்த குடும்பமா என்று பார்த்துக் கொடுக்கலாம். சரி, ஏதோ மிஞ்சியது. ஆனால் இன்னொன்று மிஞ்சவில்லை. தீவின் அரசியல் எதிர்காலம் குறித்து பூர்வீக மக்கள் மட்டும் வாக்களிக்கும் ஒரு கருத்தறியும் தேர்தல் திட்டம் இருந்தது. அதையும் 2017-ல் நீதிமன்றம் தடுத்தது, 2019-ல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. காரணம், பரம்பரையைப் பார்ப்பது இனத்தைப் பார்ப்பதுதான் என்பது.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒயிட் எர்த்தில் திரும்ப வரும்.

நாள் 4 – ஒரு சாவு வீடு

ஆன்ட்டியின் ஒன்றுவிட்ட அண்ணன் இறந்து ஐந்தாம் நாள். ஒன்பது இரவு ஜெபமாலை சொல்ல வேண்டும். கொட்டகையில் நூறு நாற்காலி. ஜெபம் முடிந்ததும் நீள மேசையில் சாப்பாடு: சிவப்புச் சோறு, சீமைப்பலா, சேம்பு, அப்புறம் மீன், கறி.

வாசலருகில் ஒரு பெட்டி, அதில் கவர்கள். வந்தவர்கள் பணம் வைக்கிறார்கள், வீட்டுப் பெண் நோட்டில் பேரையும் தொகையையும் எழுதுகிறாள். எனக்கு ஒரு நிமிடம் மதுரைப் பக்கம் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மொய்யேதான்! சென்சூலே என்கிறார்கள். பணமாகவும் தரலாம், பன்றியாகவும் தரலாம், மூன்று நாள் அடுப்படி உழைப்பாகவும் தரலாம். வாங்கியவர் மறக்கக் கூடாது. அந்த நோட்டு தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது.

அங்கே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு உடல் ஊனமுற்ற மகன். மாநிலங்களில் இருந்தால் ஊனமுற்ற ஏழைகளுக்கு மத்திய அரசின் துணை வருமான உதவி மாதாமாதம் வரும். குவாமில் வராது. வடக்கே கண்ணுக்கெட்டும் தூரத்தில், இதே சமோரோக்கள் வாழும் வட மரியானா தீவுகளில் வரும். இரட்டைச் சகோதரிகள் இருவர், ஒரே நோய், ஒருவர் பென்சில்வேனியாவில் உதவி பெற, மற்றவர் குவாமில் இருப்பதால் பெறாமல், வழக்கு நடந்தது. 2020-ல் குவாம் நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. 2022-ல் போர்ட்டோ ரிக்கோ வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் எதிராகத் தீர்ப்பளித்ததும் அந்த நம்பிக்கையும் போனது. "மகனுக்காகத் தீவை விட்டுப் போகலாம். போனால் இந்த நோட்டில் என் பேர் இருக்காது" என்றார் அந்த அம்மா. அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

நாள் 5 – வானத்தில்

காலையில் குவாமில் ஏறி, முந்தின நாள் மாலை ஹொனலூலுவில் இறங்கினேன். தேதிக்கோட்டின் வேலை. விமானத்தில் 1898 பாரிஸ் ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவைப் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்பெயின் தோற்றுக் குவாமை அமெரிக்காவுக்குக் கொடுத்தபோது எழுதியது. பூர்வீகக் குடிகளின் குடிமை உரிமைகளும் அரசியல் நிலையும் என்ன என்பதை அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானிக்கும் என்கிறது. கையெழுத்துப் போட்டவர்கள் ஸ்பெயின்காரர்களும் அமெரிக்கர்களும். சமோரோ ஒருவர்கூட இல்லை.

நாள் 6 – மின்னியாப்பொலிஸ்

இரவு தங்கல் மட்டும். பிராங்க்ளின் அவென்யூவில் நடந்தேன். 1950-களில் பூர்வகுடிகளை ஒதுக்கீட்டு நிலங்களிலிருந்து நகரத்துக்குப் பெயர்க்கும் அரசுத் திட்டத்தில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தப் பகுதியில். 1968-ல் அமெரிக்க இந்திய இயக்கம் பிறந்தது இந்த நகரத்தில்தான். நிறுவியவர்களில் டென்னிஸ் பேங்க்ஸ் லீச் லேக் சிப்பேவா, கிளைட் பெல்கோர்ட் ஒயிட் எர்த் சிப்பேவா.

சிப்பேவா என்பது அரசாங்கக் காகிதங்களில் உள்ள பெயர். ஒஜிப்வே என்பதும் அதே மக்கள்தான். தங்களுக்குள் அனிஷினாபே என்கிறார்கள்.

நாள் 7 – ஒயிட் எர்த்

நான்கு மணி நேரம் வடமேற்கே. வலப்பக்க மேசைக்காரரின் தாய்மாமா வீட்டில் தங்கல். ஒதுக்கீட்டு நிலத்தின் எல்லைப் பலகை வந்த பிறகும் வயல்கள் மாறவில்லை. கோதுமை, சோயா, பீட். "இதெல்லாம் உங்கள் நிலமா?" என்று பெரியவரிடம் கேட்டேன். "வரைபடத்தில் எங்களுடையது. பத்திரத்தில் இல்லை" என்றார்.

1867 ஒப்பந்தத்தில் உருவான ஒயிட் எர்த்தின் பரப்பு 8,37,000 ஏக்கர். அதில் பத்தில் ஒரு பங்குகூட இன்று பழங்குடி அரசிடம் இல்லை. 1889-ன் நெல்சன் சட்டம் பொது நிலத்தைத் தனித்தனித் துண்டாக்கியது. 1906-ல் கலப்பு இரத்தக்காரர்கள் தங்கள் துண்டை விற்கலாம் என்று இன்னொரு சட்டம். மரக் கம்பெனிகளும் நிலத்தரகர்களும் அதற்காகவே காத்திருந்தார்கள். பிறகு யார் முழு இரத்தம், யார் கலப்பு என்று தகராறு. தீர்த்துவைக்க மானுடவியலாளர்களை அழைத்தார்கள். அலெஸ் ஹிர்ட்லிச்கா, ஆல்பர்ட் ஜெங்க்ஸ் என்ற இருவர் ஊர் ஊராகப் போய், மக்களின் மார்பை நகத்தால் கீறி, தோல் எப்படிச் சிவக்கிறது என்று பார்த்து இரத்தத்தை முடிவு செய்தார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்கூட வேறுவேறு பட்டியலில் விழுந்தார்கள்.

அந்தப் பட்டியல்களின் நிழல் இன்னும் போகவில்லை. மின்னசோட்டா சிப்பேவா பழங்குடியில் உறுப்பினராக கால் பங்கு இரத்தம் வேண்டும் என்ற விதி 1960-களிலிருந்து இருக்கிறது. பெரியவருடைய பேத்திக்கு அது எட்டவில்லை. ஒஜிப்வே மொழியில் அவரைவிட நன்றாகப் பேசுகிறாள், ஆனால் பட்டியலில் இல்லை. 2022-ல் ஆலோசனை வாக்கெடுப்பில் பெரும்பாலானோர் இந்த விதி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது குவாமை நினைத்துப் பாருங்கள். இங்கே அரசாங்கமே நகத்தால் கீறி இரத்தத்தை அளந்தது. அங்கே அதே அரசாங்கம், பரம்பரையைக் கேட்பது சட்டவிரோதம் என்கிறது. 1974-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு விளக்கத்தில்தான் முடிச்சு இருக்கிறது: அங்கீகரிக்கப்பட்ட பழங்குடியின் உறுப்பினர் என்பது இனம் அல்ல, அரசியல் நிலை. சமோரோக்கள் அந்தப் பட்டியலில் இல்லாததால் அவர்கள் வெறும் இனம். அந்தச் சாவு வீட்டு நோட்டை நான் பார்த்திருக்கிறேன். தலைமுறை தலைமுறையாக உறவை ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கும் மக்களை வெறும் இனம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

மஹ்னோமெனில் 1992-லிருந்து பழங்குடி அரசின் கேசினோ ஓடுகிறது. கேசினோ என்றதும் ஆளுக்கு லட்சம் வருகிறது என்று வெளியே நினைக்கிறார்கள். மின்னியாப்பொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்களை ஒட்டியிருக்கும் சிறிய டகோட்டா சமூகத்துக்கு அது பொருந்தும். இங்கே பெரிய நகரம் பக்கத்தில் இல்லை. ஆறு மின்னசோட்டா சிப்பேவா குழுக்களில் உறுப்பினர் அதிகம் உள்ளதும் இதுதான். அதனால் பங்குப் பணம் இல்லை, வேலை இருக்கிறது. வயதானவர்கள் இல்லமும் பள்ளிப் பேருந்தும் அதில் ஓடுகின்றன. குவாம் மக்கள் கேசினோ வேண்டாம் என்று திரும்பத் திரும்ப வாக்களித்திருக்கிறார்கள்.

பெரியவருக்கும் சர்க்கரை. மருத்துவம் இலவசம், ஒப்பந்தம் தந்த உரிமை. உள்ளூர் மருத்துவமனையால் முடியாததற்கு வெளியே அனுப்ப வேண்டும், அந்த ஆண்டு ஒதுக்கீட்டில் பணம் இருந்தால்தான் அனுப்புவார்கள். "ஜூனுக்கு முன்னாலேயே நோய்வாய்ப்பட்டுவிடு என்பார்கள்" என்றார்.

நாள் 8 – ஏரிக்கரை

மனோமின் காலம். மனோமின் என்றால் காட்டரிசி. ஆகஸ்ட் கடைசியில் ஏரியின் நீரிலேயே விளைந்து நிற்கும். உறுப்பினர் அல்லாதவர் இங்கே அறுவடை செய்யக் கூடாது, நான் கரையில்தான். அது சரிதான் என்று எனக்குப் பட்டது.

ஒரு தோணியில் இரண்டு பேர். ஒருவர் நின்று நீளக் கழியால் ஊன்றித் தள்ளுகிறார். மற்றவர் உட்கார்ந்து, ஒரு குச்சியால் கதிரைத் தோணிக்குள் வளைத்து, இன்னொரு குச்சியால் மெல்லத் தட்டுகிறார். பழுத்த மணி மட்டும் உதிர்கிறது. பழுக்காதது செடியிலேயே நிற்கும், சில நாள் கழித்து மறுபடி வரலாம். நீரில் விழுவது அடுத்த வருட விதை. பெண்கள் கரையில் வறுக்கிறார்கள். ஒரு பையன் புது மொக்கசின் செருப்புடன் குழியில் இறங்கி மிதித்து உமியைக் கழற்றுகிறான். பிர்ச் மரப்பட்டைத் தட்டில் புடைக்கிறார்கள். முறம் பிடிக்கும் அதே மணிக்கட்டு அசைவு. ஒரு அம்மா என் கையில் தட்டைக் கொடுத்தார். புடைத்தேன். சிரித்துக்கொண்டே "மீக்வெச்" என்றார். நன்றி என்று பொருள்.

கடைகளில் காட்டரிசி என்று விற்பதில் பெரும்பகுதி கலிபோர்னியா, மின்னசோட்டா வயல்களில் இயந்திரத்தால் அறுப்பது. அது வந்த பிறகு கைத்தட்டு அரிசியின் விலை அடிபட்டது. ஆனாலும் ஒரு வீட்டுக்குச் செப்டம்பர் மாதப் பள்ளிச் செலவும் காலணியும் இந்த ஏரியிலிருந்துதான் என்றார் பெரியவர். முதல் மூட்டை விற்பனைக்கு இல்லை. ஏரிக்குப் போக முடியாத முதியவர்களுக்கும் சாவு வீட்டுக்கும்.

1837 ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவில், விட்டுக்கொடுத்த நிலத்திலும் வேட்டையாட, மீன்பிடிக்க, காட்டரிசி சேகரிக்க உரிமை என்று எழுதியிருக்கிறது. 162 ஆண்டு கழித்து, 1999-ல், மில் லாக்ஸ் சிப்பேவா வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அந்த வரி இன்னும் செல்லும் என்றது. மிரட்டியும் ஏமாற்றியும் வாங்கிய கையெழுத்துகள்தான். ஆனாலும் எதிரில் உட்கார்ந்து அரிசியைப் பற்றி ஒரு வரி எழுத வைத்திருக்கிறார்கள். சமோரோக்களிடம் அப்படி ஒரு வரி இல்லை. இந்தப் பயணத்தில் எனக்குப் புரிந்த பெரிய வித்தியாசம் இதுதான்.

மாலையில் பெரியவரிடம் குவாம் படங்களைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். 1972-ல் அவர் ஆண்டர்சன் தளத்தில் பி-52 விமானங்களைப் பழுதுபார்த்தவராம்! "ஞாயிற்றுக்கிழமை யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். சிவப்புச் சோறு. எங்களைப் போலவே இருந்தார்கள்." கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவர்களுக்கு ஓட்டு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வேலிக்கு வெளியே இருந்தவர்களின் நிலத்தில்தான் தூங்கினேன் என்றும் தெரியாது."

நாள் 9 – லீச் லேக்

ஸ்குவா லேக் என்ற சிற்றூரைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துப் போனேன். பார்க்க ஒன்றும் இல்லை, சாலையும் பைன் மரங்களும். 1972-ல் இந்தப் பக்கத்தில் ஹெலன், ரஸல் பிரையன் தம்பதியின் நகர்த்தக்கூடிய வீட்டுக்கு (மொபைல் ஹோம்) மாவட்டம் 147.95 டாலர் வரி போட்டது. கட்ட மறுத்தார்கள். 1976-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, பழங்குடி நிலத்தில் மாநிலம் இப்படி வரி போட முடியாது என்றது. மாநிலத்தின் கட்டுப்பாடு ஒதுக்கீட்டு நிலத்துக்குள் செல்லாது என்ற அந்த வாதத்தில் ஏறித்தான் பின்னால் நாடு முழுக்கப் பழங்குடிக் கேசினோக்கள் வந்தன. ஓர் ஏழை வீட்டின் வரிச்சீட்டு! குவாமிலும் எத்தனையோ வீடுகளில் அப்படித் துணிந்தவர்கள் இருக்கிறார்கள். சாய்ந்துகொள்ள ஒப்பந்தம் இல்லாததால் தோற்கிறார்கள்.

நாள் 10 – ரெட் லேக்

மற்ற ஆறு சிப்பேவா குழுக்களோடு சேராத தனிக் குழு. 1889-ல் மற்ற எல்லாரும் நிலத்தைத் துண்டாக்க ஒப்புக்கொள்ள வைக்கப்பட்டபோது, நிறைய நிலத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும், மிச்சத்தைத் துண்டாக்க மாட்டோம் என்று நின்றவர்கள். இன்றும் நிலம் முழுவதும் பொதுச் சொத்து. வண்டிகளில் அவர்களே வழங்கும் எண் தகடு. 1990-களில் ஏரியில் வால்ஐ மீன் அற்றுப்போனது. தங்கள் வலைகளைத் தாங்களே நிறுத்தினார்கள், மாநில அரசோடு சேர்ந்து குஞ்சு விட்டு வளர்த்தார்கள், 2006-ல் மறுபடி மீன்பிடிப்பு. வேலையின்மையும் போதையும் இங்கேயும் உண்டு, வழியில் பார்த்தேன். ஆனால் தங்கள் வலையை நிறுத்தும் முடிவை அவர்களே எடுத்தார்கள்.

கிளம்பும்போது பெரியவர் இரண்டு பவுண்டு மனோமின் பொட்டலம் கொடுத்தார். "அந்த அம்மாவுக்கு அனுப்பு. ஐம்பது வருடச் சோற்றுக் கடன்."

அஞ்சலகத்தில் குவாமுக்கு உள்நாட்டுக் கட்டணம்தான் என்றார்கள். பிறகு ஒரு சுங்கப் படிவத்தையும் நீட்டினார்கள், வெளிநாட்டுக்கு அனுப்புவதுபோல. பொருள்: அரிசி. மதிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்சம் யோசித்து, 'பரிசு' என்ற கட்டத்தை மட்டும் குறித்தேன். எண்ணும் வேண்டும் என்றார் எழுத்தர். 20 டாலர் என்று போட்டேன்.

பதினாறு நாள் கழித்துச் சேர்ப்பது

ஆன்ட்டி தொலைபேசியில் கூப்பிட்டார். பொட்டலம் வந்துவிட்டதாம். அச்சோத்தே தண்ணீரில் வேகவைத்துப் பார்த்தாராம், சிவப்பு ஏறவில்லை, கருப்பாகவே இருந்ததாம், ஆனால் நல்ல ருசி. ஜெபமாலைக் கடைசி இரவு வர முடியாதவர்களுக்காக நடந்த ஒரு சாப்பாட்டில் மேசையில் வைத்திருக்கிறார். பெரியவருடைய முழுப் பெயரையும் எப்படி எழுதுவது என்று கேட்டார். நோட்டில் எழுத வேண்டுமாம்.